செம்பனைத் தோட்டத்துச் சாலையில் புரோட்டோன்: ரேலி கார் எப்படித் தயாராகிறது?

ஜோகூரில் நடந்த மலேசிய ரேலி போட்டிக்குப் பந்தயத் திடல் தேவைப்படவில்லை. செம்பனை, ரப்பர் தோட்டங்களின் செம்மண் சாலைகளே போதும். பழக்குலை ஏற்றிய லாரி ஊர்ந்து போகும் அதே வளைவில் ரேலி கார்கள் மண்ணை வாரியிறைத்தபடி பறந்தன.

அந்தச் சாலைகளும் இடம்பெற்ற ஆசிய பசிபிக் ரேலி தொடரை 2011-இல் வென்றவர் ஸ்காட்லாந்தின் அலிஸ்டர் மெக்ரே. அவர் ஓட்டியது புரோட்டோன் சத்ரியா நியோ எஸ்2000. நம் ஊர் கார்தான். ஆனால் ஷோரூமில் விற்ற சத்ரியாவுக்கும் அதற்கும் உருவத்தைத் தவிர ஒற்றுமை குறைவு. கடையில் விற்றது 1.3 அல்லது 1.6 லிட்டர் இஞ்சின், முன்சக்கர இயக்கம். ரேலி கார் 2 லிட்டர் இஞ்சின், நான்கு சக்கர இயக்கம், ஆறு கியர்.

புரோட்டோனுக்கு இது முதல் வெற்றி அல்ல. 2002-இல் கரம்ஜிட் சிங், உதவி ஓட்டுநர் ஆலன் ஓவுடன் சேர்ந்து, தயாரிப்பு கார்களுக்கான உலக ரேலி பட்டத்தையே வென்றிருக்கிறார். அந்த வெற்றியின் அருமை குறையாது. ஆனால் அவர் ஓட்டிய ‘பெர்ட்’ கார் மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனை அடிப்படையாகக் கொண்டது. இஞ்சினைச் சோதித்துத் தேர்ந்த சிரமத்தை ஜப்பானியர்கள் முன்பே பட்டுவிட்டார்கள். சத்ரியாவுக்கு அப்படித் தோள் கொடுக்க யாரும் இல்லை.

அதனால் வேலை பிரித்துக்கொள்ளப்பட்டது. பெயரும் அடிப்படைக் காரும் புரோட்டோனுடையவை. காரை உருவாக்கி ஓடவிட்டது இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள மெலர்ஸ் எலியட் மோட்டார்ஸ்போர்ட். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரிய நிறுவனங்களும் ரேலி பிரிவை இப்படி வெளியாரிடம் ஒப்படைப்பதுண்டு. எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்தால் செலவு தாங்காது.

தலைவலி இஞ்சினில்தான். எஸ்2000 விதிப்படி டர்போ கூடாது, சுழற்சி நிமிடத்துக்கு 8,500-ஐத் தாண்டக்கூடாது. அந்த எல்லைக்குள் ஏறத்தாழ 270 குதிரைத்திறன் எடுக்க வேண்டும். சாதாரணக் கார் இஞ்சின் அந்தச் சுழற்சியை அபூர்வமாகவே பார்க்கும். ரேலி இஞ்சின் மணிக்கணக்கில் அங்கேயே கிடக்கும். எனவே காரில் பூட்டுவதற்கு முன், ‘டைனோ’ எனும் சோதனை மேடையில் அதை முடுக்கி ஓட்டுவார்கள். பிஸ்டனோ வால்வு ஸ்பிரிங்கோ உடைவதென்றால் அங்கேயே உடையட்டும், காட்டுக்குள் வேண்டாம்.

டைனோ அறை இங்கிலாந்தில். போட்டி ஜோகூர் வெயிலில். காற்று சூடானால் அடர்த்தி குறையும். 15 பாகை செல்சியஸிலிருந்து 35-க்கு ஏறினால், இஞ்சின் உள்ளிழுக்கும் காற்று சுமார் 6 விழுக்காடு குறைகிறது. காற்று குறைந்தால் எரிபொருளையும் குறைக்க வேண்டும். 16, 17 குதிரைத்திறன் அப்படியே போய்விடும். டர்போ இருந்தால் ஓரளவு ஈடுகட்டலாம். இதில் அதுவும் இல்லை. போதாக்குறைக்கு, மழை பெய்த செம்மண் ரேடியேட்டரில் அப்பிக்கொண்டால் இஞ்சின் கொதிக்கும். தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு அந்த மண்ணைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாலைச் சோதனை பொறுமையைச் சோதிக்கும் வேலை. சில கிலோமீட்டர் மண்சாலையைப் பிடித்து, அதிலேயே நாள் முழுக்கப் போய்வருவார்கள். ஒரு சுற்றுக்கு ஒரே மாற்றம்: ஒருமுறை ஸ்பிரிங், அடுத்த முறை டேம்பர், பிறகு டிஃபரென்ஷியல். இரண்டை ஒன்றாக மாற்றினால் நேரம் குறைந்தது எதனால் என்று தெரியாமல் போகும். மழை வந்து சாலை மாறிவிட்டால் காலையில் எடுத்த கணக்கு வீண், மறுபடி முதலிலிருந்து.

போட்டி நாளில் சுமை மெக்கானிக்குகள் தலையில். சர்வீஸுக்கு எத்தனை நிமிடம் என்பது முன்பே எழுதப்பட்டிருக்கும். அதற்குள் கியர்பாக்ஸையே கழற்றி மாட்டும் குழுக்கள் உண்டு. ஒரு நிமிடம் தாமதமானால் 10 விநாடி தண்டனை. ஓட்டுநர் மூன்று நாள் உயிரைக் கொடுத்துச் சேர்த்த 10 விநாடி, கையில் சிக்காத ஒரு போல்ட்டால் போய்விடலாம்.

பின்னர் விதிகள் மாறின. ஆர்5 என்ற புதிய பிரிவு 1.6 லிட்டர் டர்போ இஞ்சினுடன் வந்து எஸ்2000 கார்களை ஓரங்கட்டியது. அதே டெர்பிஷயர் குழு இம்முறை ஈரிஸ் காரை எடுத்து ஆர்5 வகைக்கு மாற்றியது. சத்ரியாவில் இல்லாத டர்போ இதில் இருக்கிறது.