குடும்பநேய வேலைத்தலம்

வேலை செய்யும் பெற்றோர் தம் பிள்ளைகளைப் பராமரிக்க நேரமும் வசதியும் அளிக்கும் வேலைத்தலம் குடும்பநேய வேலைத்தலம் எனப்படும்.

மாணவர்களே, பல்லேபொல அமைந்துள்ள மாத்தளை மாவட்டத்தின் தோட்டங்களில் தாய்மார் கொழுந்து பறிக்கவும் பால் வெட்டவும் செல்கின்றனர். அவ்வேளையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவை நீங்கள் அறிவீர்கள். அதுவே இதற்குச் சிறந்த உதாரணம்.

1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தாய்மாருக்கு வழங்கும் உரிமைகள் சில:

1. மகப்பேற்று விடுமுறை 84 நாட்கள். முன்னர், ஏற்கெனவே இரு பிள்ளைகள் உள்ள தாய்க்கு 42 நாட்களே கிடைத்தன. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வேறுபாட்டை நீக்கியது.

2. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்ட, 9 மணித்தியால வேலையில் இரு இடைவேளைகள். வேலைத்தலத்தில் காப்பகம் இருந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது 30 நிமிடம். இல்லாவிட்டால் 1 மணித்தியாலம். இவை உணவு, ஓய்வு இடைவேளைகளில் அடங்கா.

3. கர்ப்பம், பிரசவம் காரணமாக வேலைநீக்கம் செய்ய முடியாது.

வினா: காப்பகம் இல்லாதபோது இடைவேளை இரு மடங்காவது ஏன்?

விடை: தாய் வீடு சென்று திரும்ப நேரம் தேவை. காப்பகம் அருகிலிருந்தால் அந்நேரம் மிச்சமாகும். எனவே காப்பகம் தாய்க்கும் குழந்தைக்கும் மட்டுமன்றித் தொழில்வழங்குநருக்கும் நன்மை தருகிறது.