கடலுக்கு அடியில் வாங்கிய இடம்

1990களில் கொழும்பு வெள்ளவத்தையின் காலி வீதியோரம் ‘கொமினிகேஷன்’ கடைகள் நிறைந்திருந்தன. வடக்கிலிருந்து வந்து பாமன்கடைப் பக்கத்து வாடகை அறைகளில் தங்கியிருந்தவர்கள், கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரப்போகும் அழைப்புக்காக அங்கே வாங்கில் காத்திருப்பார்கள். பெயரைக் கூப்பிட்டதும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடிப்போய்ச் சில நிமிடத்தில் ஊர்ப்புதினம் முழுவதையும் சொல்லி முடிக்க வேண்டும்.

அந்தச் சில நிமிடத்துக்குத் தேவைப்பட்ட தடம் மிகச் சிறியது. ஒரு தொலைபேசிக் குரலுக்கு விநாடிக்கு 64 கிலோபிட் போதும். இரு முனையிலும் ஆட்கள் பேசுவதால் போகும் தடமும் வரும் தடமும் ஒரே அளவு. கேபிள் வாங்கும் முறையும் இதைப் பின்பற்றியே அமைந்தது. பல நாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து, வரும் ஆண்டுகளில் எத்தனை அழைப்புகள் இருக்கும் என்று மதிப்பிட்டுச் செலவைப் பங்கு போட்டன. தென்கிழக்காசியாவை மத்திய கிழக்கு வழியாக மேற்கு ஐரோப்பாவோடு இணைக்கும் சீ-மீ-வீ வரிசைக் கேபிள்கள் இப்படிப் பிறந்தவை. அதன் இரண்டாவது கேபிள் 1994இல் கொழும்பைத் தொட்டது.

இணையம் இந்தக் கணக்கைக் குலைத்தது. படமும் பாட்டும் வந்து குவிகின்றன. திரும்பிப் போவது கொஞ்சம். ஆனால் கடலடிக் கேபிளில் இழைகள் சோடியாகவே இருக்கும்: ஒன்று போக, ஒன்று வர. வரும் பக்கம் நிரம்பி வழிந்தாலும், வெறுமையாகக் கிடக்கும் மறுபக்கத்துக்கும் சேர்த்தே காசு கட்ட வேண்டும்.

மதிப்பீடு பிழைத்தால் என்ன நடக்கும் என்பதை 2000ஆம் ஆண்டையொட்டி உலகம் பார்த்தது. இணையப் போக்குவரத்து 100 நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்ற பேச்சை நம்பிப் பல நிறுவனங்கள் கேபிள் போட்டன. உண்மையில் அது ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறைதான் இரட்டித்தது. 2002இல் குளோபல் குரொஸிங், பிளாக் ஆகிய பெரும் கேபிள் நிறுவனங்கள் திவாலாகின. டைக்கோ நிறுவனம் போட்ட 60,000 கிலோமீற்றர் வலையை, கட்டிய செலவின் சிறு பங்கான 130 மில்லியன் டொலருக்கு டாடாவின் வி.எஸ்.என்.எல். வாங்கிக்கொண்டது.

கேபிள் 25 ஆண்டு உழைக்கும் என்று கணித்தே போடப்படுகிறது. அத்தனை ஆண்டு முன்னே பார்க்க எவராலும் முடியாது. இதற்கு ஒரு வழியைத் தொழில்நுட்பமே காட்டியது. ஒரே இழையில் பல ஒளி அலைவரிசைகள் ஓடுகின்றன; கரையிலுள்ள கருவிகளை மாற்றினால் ஒவ்வொன்றிலும் கூடுதல் தரவை ஏற்றலாம், கடலில் கிடக்கும் கேபிளைத் தொடவே தேவையில்லை. இதனால் கடலில் கிடப்பதை ஒருவரிடமும் கரைக் கருவியை வேறொருவரிடமும் வாங்கும் வழக்கம் வந்துவிட்டது. தேவை கூடும்போது கருவியை மாற்றினால் போதும்.

அடுத்த மாற்றம் கூகுள், மெட்டா போன்றவர்களால் வந்தது. 2012க்கு முன் சர்வதேசத் தடத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்தாத இத்தகைய நிறுவனங்கள், சில ஆண்டுகளிலேயே மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டன. இப்போது சொந்தமாகவே கேபிளும் போடுகின்றன. பலர் பார்க்கும் வீடியோக்களின் பிரதியை அந்தந்த நாட்டு இணைய நிறுவனங்களின் சேவையகங்களிலும் வைத்துவிடுகின்றன. ஆகவே பாமன்கடை ஒழுங்கையொன்றில் இரவு ஒருவர் பார்க்கும் படம் கடலைக் கடக்காமல் உள்ளூரிலிருந்தே வரக்கூடும். அடுத்த வீட்டு அம்மா லண்டன் மகளோடு பேசும் வீடியோ அழைப்புக்கு அந்த வசதி இல்லை. அதற்குப் பிரதி கிடையாது. ஒவ்வொரு சொல்லும் கடலுக்கு அடியால் போய் வந்தாக வேண்டும். எனவே கேபிள் வாங்குபவர் மொத்தப் பாவனையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவார். எந்தப் பங்கு கடல் கடக்கிறது, உச்ச நேரத்தில் அது எவ்வளவு என்பதே அவருக்கு வேண்டிய எண்.

இதற்கிடையே கேபிள்களின் கொள்ளளவும் பெருகியது. 2005இல் வந்த சீ-மீ-வீ 4இன் தொடக்க வடிவமைப்பு விநாடிக்கு 1.28 டெராபிட். ஸ்ரீலங்கா டெலிகொம் பங்காளியாக உள்ள சீ-மீ-வீ 6இன் ஒப்பந்தம் 2022இல் அமெரிக்காவின் சப்கொம் நிறுவனத்துக்குப் போனது. 10 இழைச்சோடிகள், ஏறக்குறைய 126 டெராபிட். இலங்கையில் அது கரையேறும் இடம் மாத்தறை.

ஆனால் சிறிய தீவுக்கு அளவைவிட வழிகளின் எண்ணிக்கைதான் முக்கியம். 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளை அறுத்தபோது நாட்டின் இணையமும் வெளிநாட்டு அழைப்புகளும் முடங்கின. பின்னர் 2006இல் தூத்துக்குடியிலிருந்து பாரத்–லங்கா கேபிள் கல்கிசையில் கரையேறியது. டயலொக் நிறுவனம் கொண்டுவந்த வங்காள விரிகுடாக் கேபிளும் அங்கேதான். பாமன்கடையிலிருந்து காலி வீதியால் தெற்கே சில கிலோமீற்றர். ஒரு வழி அறுந்தால் மற்றது கைகொடுக்கும் என்பதால், சாதாரண நாளில் சும்மா கிடக்கும் தடத்துக்கும் காசு கொடுப்பது வீண்செலவு அல்ல.

2025 செப்டெம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது ஆசிய–ஐரோப்பியத் தரவு வேறு வழிகளைத் தேடியது. இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கொழும்பிலிருந்து லண்டனுக்குச் சிங்கப்பூர், பசிபிக், அமெரிக்கா என்று சுற்றிப் போனால் தூரம் இரு மடங்குக்கும் மேல். அம்மா கேட்ட கேள்விக்கு மகளின் பதில் அந்த அளவு பிந்தித்தான் வரும். ஆனாலும் வரும்.