இளையோர் கால்பந்தில் ஆட்ட மறுதொடக்கமும் நடுவர் பிழைகளும்

கால்பந்தாட்டத்தில் நடுவர் விசில் ஊதியோ, பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியோ ஆட்டம் நின்றபின் அதை மீண்டும் தொடங்கும் முறை மறுதொடக்கம் எனப்படுகிறது. கிக் ஆஃப், ஃப்ரீ கிக், பெனால்டி, த்ரோ இன், கோல் கிக், கார்னர் கிக், டிராப் பால் ஆகியவை இதன் வகைகள். எந்த நிறுத்தத்துக்கு எந்தத் தொடக்கம் என்பது ஆட்டத்தின் 17 விதிகளில் வரையறுக்கப்பட்டுள்ளது.

நடுவரின் பிழைகள் இரு வகைப்படும். பந்து கையில் பட்டதா, தள்ளினாரா என்பன நடுவரின் பார்வையைச் சார்ந்தவை. இவற்றில் அவர் முடிவே இறுதியானது. நடந்ததைச் சரியாகக் கண்டும், அதற்குத் தவறான தொடக்கத்தை வழங்குவது மற்றொரு வகை. இது விதியையே தவறாகப் பயன்படுத்துவதாகும். பார்வைப் பிழையை மன்னிக்கலாம்; விதிப் பிழையை மன்னிப்பது கடினம்.

பெல்ஃபாஸ்ட் பெனால்டி

2015 ஏப்ரல் 4 அன்று 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஐரோப்பியத் தகுதிச்சுற்றில் இங்கிலாந்தும் நார்வேயும் மோதின. நார்வே 2-1 என முன்னிலையில் இருந்தபோது, ஆட்டம் முடியும் தறுவாயில் இங்கிலாந்துக்குப் பெனால்டி கிடைத்தது. லியா வில்லியம்சன் அதைக் கோலாக்கினார். ஆனால் அவர் உதைக்கும் முன்பே சக வீராங்கனை ஒருவர் பெனால்டி பகுதிக்குள் நுழைந்துவிட்டார். நடுவர் கோலை ரத்து செய்து, நார்வேக்கு மறைமுக ஃப்ரீ கிக் வழங்கினார். ஆட்டம் அப்படியே முடிந்தது.

அத்துமீறலை நடுவர் சரியாகவே கவனித்திருந்தார், தொடக்கம்தான் தவறு. அப்போதைய விதிப்படி, உதைக்கும் அணியினர் முன்கூட்டியே நுழைந்து, பந்தும் கோலானால், பெனால்டியைத் திரும்ப உதைக்க வேண்டியிருந்தது. கோலாகாவிட்டால்தான் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் வழங்கப்பட்டது. இங்கிலாந்து முறையிட்டது. ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் ஏப்ரல் 9 அன்று பெல்ஃபாஸ்ட் நகரில் அந்தப் பெனால்டியிலிருந்து எஞ்சிய 18 வினாடிகளை மட்டும் மீண்டும் ஆடச் செய்தது. ஐந்து நாள் காத்திருந்த 18 வயது வில்லியம்சன் மறுபடியும் கோல் அடித்தார். ஆட்டம் 2-2 எனச் சமனாகி, இங்கிலாந்து தகுதி பெற்றது.

இதே பிழை 2005-இல் உஸ்பெகிஸ்தான்–பஹ்ரைன் உலகக்கோப்பைத் தகுதி ஆட்டத்திலும் நடந்தது. அப்போது முழு ஆட்டமும் திரும்ப நடத்தப்பட்டது. முதலில் 1-0 என வென்றிருந்த உஸ்பெகிஸ்தான்தான் முறையிட்டது. மறு ஆட்டத்தில் 1-1 எனச் சமன் செய்து, முடிவில் வெளியேறியதும் அதுவே.

திருத்தும் நேரம்

இத்தகைய மறு ஆட்டங்கள் மிக அரிது. ஐந்தாம் விதிப்படி, தன் முடிவு தவறென்று தானாகவோ துணை நடுவர் சொல்லியோ உணரும் நடுவர், ஆட்டம் மீண்டும் தொடங்கும் முன் அதை மாற்றலாம். பந்து உதைக்கப்பட்டுவிட்டால் மாற்ற இயலாது. ஆகவே சந்தேகம் எழுந்தால் சில நொடிகள் தாமதித்துத் துணை நடுவரிடம் கேட்பது நடுவருக்கு இழுக்கல்ல. பயிற்சி பெற்ற துணை நடுவர் இல்லாத பள்ளி ஆட்டங்களில் இந்த வாய்ப்பும் குறைவு.

அடிக்கடி நேரும் குழப்பங்கள்

த்ரோ இன் எறியும்போது காலைத் தூக்கினால், எதிரணிக்கு த்ரோ இன் மட்டுமே உண்டு. ஃப்ரீ கிக் கிடையாது. த்ரோ இன், கோல் கிக், கார்னர் கிக் ஆகியவற்றிலிருந்து நேரடியாகப் பந்தைப் பெறுபவர் ஆஃப்சைடு ஆவதில்லை. ஃப்ரீ கிக்கில் பந்து நேராகத் தன் சொந்த கோலுக்குள்ளேயே போனால் கோல் அன்று. எதிரணிக்குக் கார்னர் கிக்.

பழைய விதிகளைப் படித்தவர்களால் நேரும் பிழைகளும் பல. டிராப் பாலுக்கு இரு அணியினர் எதிரெதிரே நின்று போட்டியிடும் வழக்கம் 2019-இல் நீங்கியது. இப்போது பந்து ஒருவருக்கே போடப்படும். மற்றவர்கள் 4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கோல் கிக்கில் பந்து பெனால்டி பகுதியைத் தாண்ட வேண்டும் என்ற நிபந்தனையும் அதே ஆண்டு கைவிடப்பட்டது. கோல் கீப்பர் பந்தை 8 வினாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கிக் என்பது 2025-இல் வந்த மாற்றம்; அதற்கு முன் வரம்பு 6 வினாடி, தண்டனை மறைமுக ஃப்ரீ கிக்.