விழாமல் நடக்க உடலில் அணிவன

கிணற்றடியில் முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடியவுடன் சரிந்து விழும் பெண்கள் இருக்கிறார்கள். பகலில் வீட்டு வேலைகளை ஒருவாறு செய்து முடிப்பார்கள். இருட்டிவிட்டால் மலசலகூடத்துக்குத் தனியே போகமாட்டார்கள். கால்களை அகட்டி வைத்து, வள்ளத்தில் நிற்பவர் போல ஆடி ஆடி நடப்பார்கள். "வெறியில நடக்கிற மாதிரி" என்று ஒழுங்கையில் நிற்பவர்கள் சொல்லிச் சிரிப்பதும் அவர்கள் காதில் விழும். முதலில் கோயிலுக்குப் போவது நிற்கும். பிறகு சந்தை. பிறகு படலையைத் தாண்டுவதே நின்றுவிடும்.

கால் இழந்தவருடைய குறை பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். செயற்கைக் காலைப் பற்றி எமது பகுதிகளில் அறியாதவர் இல்லை. சமநிலை இழந்தவருக்கோ இரண்டு கால்களும் இருக்கின்றன, பலமும் இருக்கிறது. அதனால் அவருடைய கஷ்டத்தை வீட்டாரே நம்புவதில்லை. "கவனமா நடவன்" என்பதோடு விட்டுவிடுகிறார்கள். இது கவனக்குறைவால் வருவதல்ல.

நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி போகவேண்டும். கண் ஒன்று. உட்செவி இன்னொன்று. அங்குள்ள அரைவட்டக் கால்வாய்களும் அவற்றை அடுத்த சிறு பைகளும் தலை எப்பக்கம் திரும்புகிறது, சாய்கிறது என்று அறிவிக்கின்றன. மூன்றாவது, பாதத்தின் தோலும் கால் மூட்டுகளும் தசைகளும். இச்செய்திகளைக் கொண்டு கை கால்களின் அசைவை ஒழுங்குபடுத்துவது தலையின் பின்புறம் கீழே உள்ள மூளி. வெடிப்பின் அதிர்வு உட்செவியைக் கெடுக்கலாம். தலைக்காயம் மூளியைத் தாக்கலாம். முழங்காலுக்குப் பக்கத்தில் புகுந்த சிதறல் துண்டு நரம்பை அறுத்தால் பாதம் தொங்கிவிடும். நீரிழிவும் பாரிசவாதமும் பரம்பரை நோய்கள் சிலவும் இதே தள்ளாட்டத்தைக் கொண்டுவரும். ஜென்ராமைசின் போன்ற சில ஊசி மருந்துகளும் சிலருக்கு உட்செவியைப் பாதிப்பதுண்டு.

ஸ்ரெப்ரோமைசின் ஊசியால் உட்செவியின் சமநிலைப் பகுதியை இழந்த அமெரிக்க வைத்தியர் ஒருவர், தம் அனுபவத்தை 1952 இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். தம் நாடித்துடிப்பில் தலை அசைகிற அந்தச் சிறு அசைவுக்கே புத்தகத்தின் எழுத்துகள் குதித்தனவாம். கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகள் இரண்டுக்கு நடுவே தலையை இறுக்கி வைத்துத்தான் அவர் வாசித்திருக்கிறார். படித்த வைத்தியருக்கே அந்த நிலை என்றால், விழுகிற பெண்ணைப் பார்த்து "பாசாங்கு" என்று சொல்பவர்களை என்னவென்பது!

இனி, அணியும் சாதனங்களுக்கு வருவோம். இவை உடலைத் தூக்கிப் பிடிக்கும் முட்டுகள் என்றுதான் பலரும் எண்ணுகிறோம். பெரும்பாலும் அப்படியல்ல. குறைந்துபோன செய்தியை வேறு வழியால் மூளைக்குக் கொடுப்பதே இவற்றில் பலவற்றின் வேலை. ஜெக்கா, லக்னர் என்னும் ஆய்வாளர்கள் 1994 இல் வெளியிட்ட ஆய்வொன்றைச் சொன்னால் இது விளங்கும். நிற்பவர் ஒரு விரல் நுனியால் அசையாத பொருளொன்றைத் தொட்டால் போதும், உடலின் ஆட்டம் குறைகிறது. அந்தத் தொடுகையின் அழுத்தம் 100 கிராம் நிறைக்கும் குறைவு. அது எவரையும் தாங்காது. ஆனால் "நீ இப்பக்கம் சரிகிறாய்" என்று மூளைக்குச் சொல்லிவிடும். சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கும் பெண்ணை ஏசாதீர்கள் சகோதரிகளே, அவர் செய்வது சரிதான். வீட்டுக்கும் மலசலகூடத்துக்கும் இடையே இடுப்பளவு உயரத்தில் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டால் அதுவும் இவ்வகை உதவியே.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் இந்த எண்ணத்தை ஓர் இடுப்புப்பட்டியாக்கினார்கள். உடல் சரியும்போது அந்தப் பக்கத்தில் பட்டி மெல்ல அதிரும். இரண்டு செவிகளிலும் சமநிலை உறுப்பு செயலற்றுப்போனவர்களுக்கானது அது. விலை கூடியது. எங்கள் கிளினிக்கில் போய்க் கேட்டு வாங்கக்கூடியதல்ல.

நிறை வைத்த மேற்சட்டை இன்னொன்று. இதைப் பற்றிக் கேள்விப்பட்டு வீட்டிலேயே மண் பொட்டலம் கட்ட நினைப்பவர்கள் இருப்பார்கள், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இயன்மருத்துவர் நோயாளியை நிற்கவைத்து முன்னும் பின்னும் பக்கங்களிலும் மெதுவாகத் தள்ளிப் பார்ப்பார். தோளைப் பிடித்துத் திருப்பியும் பார்ப்பார். எத்திசையில் ஆட்டம் கூட என்று கண்டு, மார்பிலோ முதுகிலோ இடுப்போரத்திலோ சிறு நிறைகளை ஒட்டி மறுபடியும் சோதிப்பார். சேர்க்கும் நிறை பொதுவாக உடல் நிறையில் 100 க்கு 1½ பங்கைத் தாண்டாது. 50 கிலோ உள்ள பெண்ணுக்கு முக்கால் கிலோ. பாரத்தால் உடலை நிலத்தில் ஊன்றச் செய்வதல்ல நோக்கம். மல்ரிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளர்களிடம் செய்த ஆய்வுகளில், இதை அணிந்ததும் நடை சற்று வேகமானதைக் கண்டார்கள். எல்லோருக்கும் அப்படி ஆகவில்லை. நோயைக் குணமாக்கும் சட்டை என்று எவராவது விற்க வந்தால் நம்பவேண்டாம். கை நடுக்கத்துக்கு மணிக்கட்டில் கட்டும் நிறைப்பட்டியும் அப்படித்தான். கட்டியிருக்கும்போது சிலருக்குத் தேநீர்க் கோப்பையைச் சிந்தாமல் தூக்கமுடியும், ஆனால் கை விரைவில் களைத்துவிடும்.

தொங்கும் பாதத்துக்கு உதவுவது பிளாஸ்ரிக்கில் செய்த கணுக்கால் தாங்கி. காலில் மாப்பந்தனத்தால் அச்செடுத்து அவரவர் அளவுக்குச் செய்வார்கள். கால் விரல் நிலத்தில் தட்டி விழுவதை இது தடுக்கும். உணர்ச்சி மரத்த காலென்றால் ஒரு விடயத்தில் மிகக் கவனம் தேவை. முதல் நாட்களில் அரை மணித்தியாலத்துக்கு மேல் போடாமல், கழற்றியவுடன் தோலைப் பாருங்கள். சிவப்பு சிறிது நேரத்தில் மறையாவிட்டால் தாங்கியைத் திருத்தவேண்டும். மரத்த காலில் புண் வருவது வலியால் தெரியாது. செருப்பும் அணிகலன் தானே, அதையும் சொல்லிவிடுகிறேன். தொளதொளத்த றப்பர் செருப்பு வேண்டாம். குதிக்காலில் வார் உள்ள, அடி மெல்லிய, சறுக்காத செருப்பு நல்லது. தடித்த மெத்தென்ற அடி, நிலத்தின் செய்தியைப் பாதத்துக்கு எட்டவிடாது. இரவில் நெற்றியில் கட்டும் சிறு ரோச் லைற்றும் பெரிய உதவி. உட்செவி கெட்டவருக்குக் கண்ணே துணை, ஒளி அந்தக் கண்ணுக்கு வேலை கொடுக்கிறது, கைகளும் வெறுமையாக இருக்கும்.

நோயாளியைப் பராமரிப்பவரும் பெண்தான், அவருடைய முதுகையும் பார்க்கவேண்டாமா? நோயாளியின் இடுப்பில் அகன்ற துணிப்பட்டி ஒன்றைக் கட்டி, சற்றுப் பின்னால், பலம் குறைந்த பக்கத்தில் நின்று பட்டியைப் பிடித்துக்கொண்டு நடத்துவது ஒரு முறை. கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு விலகக்கூடும். அவர் விழப்போனால் தூக்கி நிறுத்த முயலவேண்டாம். உங்கள் உடலோடு சாய்த்து மெதுவாக நிலத்தில் இருத்துங்கள். வயிற்றில் காயமோ சத்திரசிகிச்சையோ உள்ளவருக்கும் கர்ப்பிணிக்கும் இந்தப் பட்டி கூடாது.

எதை அணிவதற்கும் முன் காரணத்தை வைத்தியரிடம் அறியவேண்டும். படுக்கையில் புரளும்போது வந்து ஒரு நிமிடத்துக்குள் நிற்கும் தலைச்சுற்று, பெரும்பாலும் உட்செவியில் இடம் மாறிய நுண்ணிய சுண்ணத் துகள்களால் வருவது. தலையைக் குறித்த ஒழுங்கில் திருப்பி அதைச் சரிசெய்யும் முறையை ஜோன் எப்லி 1992 இல் வெளியிட்டார். மருந்தும் வேண்டாம், பட்டியும் வேண்டாம்.

தாங்கிகளைப் பொறுத்தவரை, 1987 இல் ஆரம்பித்த யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனம் எங்களில் பலருக்குத் தெரிந்ததே. செயற்கை அவயவமும் தாங்கியும் செய்பவர்களைப் பயிற்றும் கல்லூரி 2004 இல் றாகமையில் தொடங்கியது. அளவெடுக்கும்போது காலை முழங்காலுக்கு மேலும் காட்டவேண்டி வரும். அதற்குக் கூச்சப்பட்டுப் போகாமல் இருப்பவர்கள் உண்டு. பெண் ஊழியர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். வீட்டில் வழமையாக உடுக்கும் சேலையையோ பாவாடையையோ கொண்டுபோய், தாங்கியைப் போட்டபின் அங்கேயே உடுத்து நடந்து பாருங்கள். கரை தாங்கியில் சிக்குகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.