புரை முற்றும் வரை காத்திருப்பதா?

அறுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவருக்குப் பார்வை மங்குகிறது என்ற பேச்சு வீட்டில் எழுந்தால், டாக்டரின் அபிப்பிராயம் கிடைப்பதற்கு முன்பே அண்டை அயலாரின் அபிப்பிராயம் வந்து சேர்ந்துவிடுகிறது. "புரை இன்னும் முத்தலை, முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்று ஒருவர் சொல்ல, "இந்த வெயில்ல கண்ணுல கத்தி வைக்கக் கூடாது, தை பிறக்கட்டும்" என்று மற்றொருவர் சொல்ல, இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு அந்தப் பெரியவர் மேலும் ஓராண்டோ ஈராண்டோ சுவரைத் தடவிக்கொண்டு நடமாடுவது நம் ஊர்களில் சர்வ சாதாரணமாக நடப்பது. இப்படிச் சொல்கிறவர்களை விஷயம் அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. புரை முற்ற வேண்டும் என்பது ஒரு காலத்தில் கைதேர்ந்த கண் மருத்துவர்களே சொல்லிவந்த வார்த்தை; அதற்குத் தக்க காரணமும் அக்காலத்தில் இருந்தது. காரணம் போய்ப் பல ஆண்டுகள் ஆன பின்பும் வார்த்தை மட்டும் போகாமல் தங்கிவிட்டதுதான் சங்கடம். அந்தக் காரணம் இன்னதென்றும், அது எவ்வாறு நீங்கிற்று என்றும் தெரிந்துகொண்டால், காத்திருப்பதா வேண்டாமா என்பதை அவரவரே தீர்மானித்துக்கொள்ளலாம்.

கருவிழியின் நடுவே கறுத்துத் தோன்றும் பாவைக்குச் சற்றுப் பின்னால், ஸ்படிகம்போல் தெளிந்த வில்லை ஒன்று மெல்லிய உறைக்குள் அமர்ந்திருக்கிறது. ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் குறுக்களவும் 4 மில்லிமீட்டர் கனமும் உள்ள இந்த விழிவில்லையில் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. தன்னைச் சுற்றியுள்ள தெளிந்த நீரிலிருந்தே இது ஆகாரம் பெறுகிறது. எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் புரதமாயிருந்தும் இதன் வழியே ஒளி தடையின்றிச் செல்வதற்குக் காரணம், அந்தப் புரத மூலக்கூறுகள் ஒன்றையொன்று நெருங்கியிருந்தும் ஒட்டிக்கொள்ளாமல், ஒழுங்கு குலையாமல் நிற்பதுதான். ஒளிக்குக் குறுக்கே எதுவும் நிற்கலாகாது என்பதற்காகவே, வில்லையின் இழைகளாக நீளும் உயிரணுக்கள் தம்முடைய உட்கருவையும் மற்ற உறுப்புகளையும் துறந்துவிடுகின்றன. அந்தத் தியாகத்துக்கு ஒரு விலை உண்டு. உட்கரு இல்லாத அணு, பழுதுபட்ட புரதத்தை அகற்றிப் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ள இயலாது. தோல் உதிர்ந்து புதுத் தோல் வருகிறது, ரத்தத்தின் சிவப்பணுக்கள் சில மாதங்களுக்குள் மாறிவிடுகின்றன. விழிவில்லையிலோ பழைய இழைகள் போவதே இல்லை, அவற்றின் மேல் புதிய இழைகள் ஆயுள் முழுவதும் அடுக்கடுக்காகச் சேர்ந்துகொண்டே வருகின்றன. எண்பது வயதுப் பாட்டியின் வில்லையில் நடுமையத்தில் இருக்கும் புரதம், அவர் தம் தாயின் வயிற்றில் இருந்தபோது உண்டானது.

இத்தனை ஆண்டுகள் அந்தப் புரதம் கெடாமல் நிற்பதற்கு ஆல்பா கிரிஸ்டலின் என்னும் காவற்புரதம் துணை செய்கிறது. மடிப்புக் குலைந்து தத்தளிக்கும் மற்றப் புரதங்களை இது தாங்கிப் பிடித்து, அவை ஒன்றோடொன்று திரளாதபடி தடுக்கிறது. ஆயினும் காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. பிராணவாயுவினால் நேரும் இடைவிடாத சிதைவும், சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்களும், புகைப் பழக்கமும், நீரிழிவு நோயில் மிகுந்துவிடும் சர்க்கரையும், வேறு வியாதிக்காக நெடுநாள் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்துகளும் சேர்ந்து அந்தக் காவலைத் தீர்த்துவிடுகின்றன. அப்போது, சூடுபட்ட முட்டையின் வெண்கரு தெளிவு நீங்கி வெளுத்துப்போவதுபோல, வில்லையின் புரதம் திரண்டு ஒளியைச் சிதறடிக்கிறது. வெந்த வெண்கருவை மறுபடி பச்சையாக்க முடியாது. கண்புரையைக் கரைத்துவிடும் சொட்டு மருந்து என்று சொல்லி விற்கப்படுபவை யாவும் ஏன் பயனற்றுப்போகின்றன என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

புரை எல்லாரிடத்திலும் ஒரே மாதிரியாக வருவதில்லை. வில்லையின் நடுமையம் மஞ்சளித்துக் கெட்டிப்படும் வகை ஒன்று உண்டு. அது ஆரம்பத்தில் ஒரு வேடிக்கை செய்கிறது. இருபது ஆண்டுகளாகச் சாளேசுரக் கண்ணாடி இல்லாமல் ஓர் எழுத்துப் படிக்க முடியாதிருந்த தாத்தா, ஒரு நாள் பஞ்சாங்கத்தின் பொடி எழுத்தை வெறும் கண்ணால் படித்து, "எனக்குக் கண் திரும்பிடுத்துடா" என்று பேரனிடம் பெருமை பேசுவார். கெட்டிப்பட்ட மையம் ஒளியை முன்னிலும் அதிகமாக வளைப்பதால், கிட்டத்தில் உள்ளது தெளிவாகவும் தூரத்தில் உள்ளது மங்கலாகவும் தெரிகிறது. தெரு முனையில் வரும் பஸ்ஸின் எண்ணைப் படிக்கச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். இந்தச் சந்தோஷம் சில காலமே நிலைக்கும். வில்லையின் பின்புறத்தில், உறையை ஒட்டிப் படியும் புரை வேறு வகை. அதை உடையவர்கள் நிழலில் ஓரளவு பார்த்துவிட்டு, வெயிலில் வந்ததும் பாவை சுருங்கிவிடுவதால் ஒன்றும் தெரியாமல் திகைப்பார்கள். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு அவர்களுக்குக் கண்ணைக் கொள்ளைகொண்டு போகும். நிறங்கள் மாறுவதையோ, அது மெல்ல மெல்ல நிகழ்வதால், அநேகர் உணர்வதே இல்லை. பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனேவுக்கு 1912-ஆம் ஆண்டில் புரை இருப்பது தெரிந்தது. அவர் பத்தாண்டுகளுக்கு மேல் சிகிச்சையைத் தள்ளிப்போட்டு, 1923-இல் வலக்கண்ணில் அறுவை செய்துகொண்டபோது, உலகம் தமக்கு நீலமாகத் தோன்றுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். அத்தனை காலம் நீலத்தை வடிகட்டி நின்ற மஞ்சள் திரை அகன்றதன் விளைவு அது.

இனி அறுவையின் வரலாற்றுக்கு வருவோம். புரைக்கு ஊசியால் சிகிச்சை செய்யும் முறையைச் சுஸ்ருத சம்ஹிதை விவரிக்கிறது. மங்கிய வில்லையைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளி, ஒளி புகுவதற்கு வழிவிடும் முறை இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகள் வழங்கிவந்தது. அதனால் பார்வை பெற்றவர்கள் உண்டு. சீழ்ப்பிடித்துக் கண்ணை இழந்தவர்களும் உண்டு. சங்கீத மேதை பாக் 1750-இல் இருமுறை கண்ணில் சிகிச்சை செய்துகொண்டு, நலம் பெறாமல் அவ்வாண்டு ஜூலையிலேயே காலமானார். அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 1747-இல், ழாக் தவியேல் என்னும் பிரெஞ்சு மருத்துவர் வில்லையை உள்ளே தள்ளாமல் வெளியே எடுக்கும் முறையைத் தொடங்கிவைத்திருந்தார். முற்றும்வரை காத்திருக்கச் சொன்ன யோசனைக்கு வித்து இந்தப் புது முறையிலேதான் இருக்கிறது. இளம்புரையில் வில்லையின் வெளிப்பகுதி இன்னும் தெளிவாகவும் பசைபோல ஒட்டுவதாகவும் இருக்கும்; நுண்பெருக்கிக் கண்ணாடியோ, கண்ணுக்குள் நீரைப் பாய்ச்சி உறிஞ்சும் கருவியோ இல்லாத அக்காலத்தில், தெளிந்திருக்கும் அந்தப் பகுதியைக் கண்ணால் காணவும் இயலாது, முழுதாக எடுக்கவும் இயலாது. உள்ளே தங்கிய மிச்சம் அழற்சியை உண்டாக்கிக் கண்ணையே கெடுத்துவிடும். முற்றிய புரையோ வெளுத்து, உறையை விட்டுப் பிரிந்து, ஒரே திரளாக வந்துவிடும். ஆகவே காத்திருப்பது அன்று விவேகமாயிருந்தது.

பின்னர் வில்லையை உறையோடு சேர்த்தே எடுத்துவிடும் முறை பரவியபோது இந்தக் காரணம் பலவீனப்பட்டது; ஆனால் அதன் இடத்தில் மற்றொன்று முளைத்தது. வில்லை போன கண்ணுக்கு ஒளியைக் குவிக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடுவதால், நம்மவர்கள் சோடாபுட்டிக் கண்ணாடி என்று கேலி செய்யும் கனத்த கண்ணாடியை அணிந்தே தீர வேண்டும். அந்தக் கண்ணாடி உருவத்தைக் கால் பங்குக்கும் மேல் பெரிதாக்கிக் காட்டும். அறுவை செய்த கண் ஓர் அளவும் செய்யாத கண் வேறோர் அளவும் காட்ட, இரண்டையும் மனம் இணைக்க மாட்டாமல் திண்டாடும். ஒரு கண்ணாவது நன்றாகத் தெரிகிற வரையில் அறுவையைத் தொடாதே என்று மருத்துவர்கள் சொன்னது இதனாலேதான். பெரிய கீறலும் தையலுமாக இருந்ததால், தலையின் இருபுறமும் மணல் பைகளை அண்டக்கொடுத்து, அசையாமல் நாட்கணக்கில் மல்லாந்து கிடக்கவும் வேண்டியிருந்தது. அத்தகைய தண்டனையைத் தள்ளிப்போட விரும்பியதில் வியப்பில்லை. வெயில் காலத்தை விலக்கியதற்கும், கட்டுப்போட்ட கண்ணோடு புழுக்கத்தில் கிடக்க வேண்டிய அந்த அவஸ்தையே காரணமாயிருக்கலாம்.

இரண்டாவது காரணத்தை நீக்கியவர் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையின் ஹெரால்ட் ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் விமானிகள் சிலரின் கண்களுக்குள் விமானத்தின் மேல்மூடியிலிருந்து சிதறிய பெர்ஸ்பெக்ஸ் துணுக்குகள் பாய்ந்திருந்தன. அவை ஆண்டுக்கணக்கில் கிடந்தும் கண் அவற்றை வெறுத்து ஒதுக்கவில்லை என்பதைக் கவனித்த அவர், அதே வகைப் பொருளால் வில்லை செய்து 1949 நவம்பர் 29-ஆம் தேதி ஒரு நோயாளியின் கண்ணில் பொருத்திப் பார்த்தார். சக மருத்துவர்கள் அவரை நெடுங்காலம் பரிகசித்தார்கள். ஆனால் நோயாளியின் சொந்த வில்லை இருந்த இடத்திலேயே செயற்கை வில்லை அமர்வதால், கனத்த கண்ணாடிக்கும் இரட்டை உருவத்துக்கும் வேலையில்லாமல் போயிற்று. முதல் காரணத்தை நீக்கியது அமெரிக்கரான சார்லஸ் கெல்மன் 1967-இல் கையாண்ட முறை. பல் மருத்துவரின் மீயொலிக் கருவியைக் கண்டு யோசனை பெற்ற அவர், வில்லையைக் கண்ணுக்குள்ளேயே நொறுக்கி, சிறு துளை வழியே உறிஞ்சி எடுத்தார். இன்று கீறல் 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான். தையல் இல்லை, பெரும்பாலும் ஊசியும் இல்லை. சொட்டு மருந்தாலேயே கண்ணை மரத்துப்போகச் செய்து, கால் மணி நேரத்தில் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இந்த வசதி ஏழைக்கும் எட்டியதில் மதுரைக்கு ஒரு பங்கு உண்டு. இளமையிலேயே மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போயும், அந்தக் கைகளாலேயே அறுவை செய்யப் பயின்று, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976-இல், பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-இல் அதைச் சார்ந்து தோன்றிய ஆரோலாப், செயற்கை வில்லையை இங்கேயே செய்து, இறக்குமதி விலையில் ஒரு சிறு பகுதிக்குக் கொடுக்கலாயிற்று. மீயொலிக் கருவி இல்லாமலே, சற்றுப் பெரிய கீறலின் வழியாகத் தையலின்றி வில்லையை எடுக்கும் முறையும் முகாம்களின் வழியே பரவி, பணம் இல்லை என்பதைத் தாமதத்துக்குக் காரணமாகச் சொல்ல இடமில்லாமல் செய்துவிட்டது.

நிலைமை இப்போது தலைகீழாகிவிட்டது. முற்றிக் கெட்டிப்பட்ட வில்லையை நொறுக்க அதிக மீயொலிச் சக்தி தேவைப்படுகிறது. அந்தச் சக்தி கருவிழியின் உட்புறத்தில் உள்ள, ஒருமுறை போனால் மீண்டும் வளராத மெல்லிய அணுவரிசையைச் சேதப்படுத்தக்கூடும். மேலும் முற்றினால் வில்லை உப்பியோ, அதன் சத்து உறையைக் கடந்து கசிந்தோ, கண்ணின் அழுத்தத்தைச் சட்டென்று உயர்த்திவிடும். சிவந்த கண்ணும் தாங்க முடியாத வலியும் வாந்தியுமாக நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓட நேரும்போது, போன பார்வை முழுவதும் திரும்பும் என்று சொல்வதற்கில்லை. கண்ணுக்கு அப்பாலும் நஷ்டம் உண்டு. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் எழுபது வயது கடந்த பெண்மணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனேயும் மற்றொரு பிரிவினருக்கு வழக்கமான ஓராண்டுக் காத்திருப்புக்குப் பின்னும் அறுவை செய்த ஆய்வு 2005-இல் வெளியாயிற்று. உடனே செய்துகொண்டவர்கள் தடுக்கி விழுந்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. முதுமையில் ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதை நாம் நம் குடும்பங்களிலேயே கண்டிருக்கிறோம்.

அதற்காகப் புரை என்று சொன்ன மறுநாளே கத்திக்குத் தலை நீட்ட வேண்டும் என்பதில்லை. ஆரம்பப் புரையில் கண்ணாடியை மாற்றியே சில காலம் சமாளிக்கலாம். படிக்கும் இடத்தில் நல்ல வெளிச்சமும், வெயிலுக்குக் குளிர்கண்ணாடியும் போதும். அரிசியில் கல் பொறுக்க முடியாமை, மாத்திரை அட்டையின் எழுத்துத் தெரியாமை, படியின் விளிம்பு புலப்படாமை, எதிரே வருபவரை அடையாளம் காண முடியாமை ஆகியவற்றில் எதுவேனும் அன்றாடத்தைத் தடுக்கத் தொடங்கினால், அதுவே சமயம். நீரிழிவுக்காரர்களுக்கு விதி வேறு: விழித்திரையில் ரத்தக்கசிவு உண்டா என்று பார்க்கப் புரை தடையாக நின்றால், அவர்களுக்குத் தொந்தரவு தெரியாத நிலையிலும் அறுவை செய்ய நேரலாம். பார்வை மங்கல் எல்லாமே புரை என்று எண்ணி வாளாவிருப்பதும் ஆபத்து. கண்ணழுத்த நோயில் போன பார்வை எந்த அறுவையாலும் மீளாது. அறுவைக்குப் பின், கைகளைக் கழுவிக்கொண்டு கொடுத்த சொட்டு மருந்தை விடாமல் போட்டு, சில நாள் தலைக்குக் குளிக்காமல் கண்ணைக் கசக்காமல் இருப்பதே பத்தியம். வெயில் காலம், மழைக் காலம் என்ற பேதம் இதில் இல்லை. வலி மிகுந்தாலும் பார்வை திடீரென்று குறைந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். சில மாதங்கள் கழித்து மீண்டும் மங்கினால் புரை திரும்பிவிட்டதென்று அஞ்ச வேண்டியதில்லை. புது வில்லையைத் தாங்கும் பழைய உறை சற்றுப் படிந்திருக்கும், லேசர் கதிரால் சில நிமிஷங்களில் அதைச் சரிசெய்துவிடுவார்கள்.

ஆதலால் டாக்டரிடம் போகும் பெரியவர் "முத்திடுச்சா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, தம்மால் முன்போல் செய்ய முடியாமற்போன காரியங்களை ஒவ்வொன்றாகச் சொல்வது நலம். எப்போது அறுவை என்பதை முடிவு செய்ய டாக்டருக்கும் அந்தப் பட்டியல்தான் உதவும்.