வீட்டுக்கும் ஒரு பேரேடு போடுவோம்



சென்ற மாதம் சரக்கு எடுக்க வந்த சில்லறைக் கடைக்காரர் ஒருவர், பட்டியலை நீட்டுவதற்கு முன் மின்கட்டணச் சீட்டை நீட்டினார். "அண்ணாச்சி, வீட்டுக்கு மட்டும் ரெண்டு மாசத்துக்கு ரெண்டாயிரத்துக்கு மேல வந்திருக்கு. பருப்புல கிலோவுக்கு என்ன நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியாததா? இதைக் கட்ட எத்தனை மூடை விக்கணும்?" என்று கேட்டார்.

கேட்டது நியாயமான கேள்வி. கிலோவுக்கு இரண்டு ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 2000 ரூபாய்க்கு 1000 கிலோ விற்க வேண்டும். அதாவது 50 கிலோ மூடையில் 20 மூடை. விற்று வரும் ரூபாயில் கொள்முதல், ஏற்றுக்கூலி, வாடகை, கடன் பாக்கி எல்லாம் கழிந்த பிறகுதான் நமக்கு மிச்சம். ஆனால் வீட்டில் செலவாகாமல் நின்ற ரூபாயில் கழிவு எதுவும் கிடையாது. அது முழுவதும் லாபம்.

கடைக்குப் பேரேடு போடுகிற நாம் வீட்டுக்குப் போடுவதில்லை. மின்சாரம், காய்கறி, தண்ணீர், குப்பை ஆகிய நான்குக்கும் கணக்குப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதை, பள்ளிப் படிப்போடு கடையில் உட்கார்ந்தவன் என்ற அளவில், எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

மின்சாரம் என்னும் சரக்கு

ஆயிரம் வாட் எடுக்கும் ஒரு கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இந்த ஒரு வாய்ப்பாடு தெரிந்தால் போதும்.

பழைய 60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட். அந்த இடத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்பு எரிந்தால் 3 யூனிட்டுக்கும் குறைவு. 2015 ஜனவரியில் மத்திய அரசின் உஜாலா திட்டம் வந்த பிறகு எல்.இ.டி. பல்பின் விலையும் இறங்கிவிட்டது. ஆகவே பெரும்பாலான வீடுகளில் பல்பு மாறிவிட்டது. மாறாமல் இருப்பது மின்விசிறி.

சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் ஓடுகிறது. அதற்கு 22 யூனிட் போதும். ஒரு ஃபேனில் மட்டும் 32 யூனிட் மிச்சம். விலை ஆயிரத்தைந்நூறு ரூபாய் கூடுதல் என்று வைத்தாலும், யூனிட் நாலரை ரூபாய் கணக்கில் சுமார் 20 மாதத்தில் போட்ட முதல் திரும்பிவிடும். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திரக் குறி கட்டாயமாகிவிட்டது. வாங்கும்போது அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்தது 500 யூனிட் கணக்கு. நம்மில் பலர் இடறுவது இங்கேதான். 2022 செப்டம்பர் 10 முதல் அமலான வீட்டுக் கட்டண அட்டவணையை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் கட்டணம் 1725 ரூபாய். 510 யூனிட் ஓடினால் 2030 ரூபாய். பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய்! காரணம், 500-ஐத் தாண்டியவுடன் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் குறைந்த விலை போய்விடுகிறது. தாண்டிய யூனிட்டுகளுக்கோ எட்டு ரூபாய். 2024 ஜூலையில் விலை மீண்டும் உயர்ந்தது. அதிலும் இந்த மேடு அப்படியே இருந்தது. நம் கடைக்கார நண்பர் நீட்டிய சீட்டிலும் 510-ஐ ஒட்டித்தான் இருந்தது. ஒரு ஃபேனை மாற்றியிருந்தால் அவர் மேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றிருப்பார்.

காசு செலவில்லாத வழிகளும் உண்டு. குளிர்பதனப் பெட்டியின் கதவிடுக்கில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடிப் பாருங்கள். நோட்டு எளிதாக வழுக்கி வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. உள்ளே இருக்கும் குளிர்ச்சி வெளியே போகிறது. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு ஒழுகினால் தண்ணீர் வராமலே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். கொண்டைக்கடலை, பட்டாணியை இரவே ஊறப்போட்டு வேகவைத்தால் எரிவாயு மிச்சம். இதை நம் வாடிக்கையாளரிடம் சொல்லிக் கொடுப்பதால் நமக்கு வியாபாரம் குறையப் போவதில்லை, மதிப்புத்தான் கூடும்.

கூரை மேல் சூரிய மின்தகடு போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் அறிவிக்கப்பட்டபோது, வீடுகளுக்கு 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம் என்று வகுத்தார்கள். ஒரு கிலோவாட் தகடு நல்ல வெயிலில் நாளுக்கு 4 யூனிட் அளவில் தரும். நம் பக்கத்தில் சாரல் மாதங்களில் மேகம் கவிந்திருப்பதால் குறையும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டோடு நிற்கும் சிறு குடும்பத்துக்கு இது தேவையில்லை. 500-ஐத் தாண்டுகிறவர்கள் யோசிக்கலாம். முதலில் செலவைக் குறையுங்கள், பிறகு தகடு போடுங்கள் என்பதே என் கருத்து. ஓட்டை மூடையைத் தைக்காமல் சரக்கு நிரப்புவார் உண்டா?

விதை நம் கடையிலேயே இருக்கிறது

2020 ஊரடங்கின்போது காய்கறி வரத்து தடைப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். 2022 ஜூனில் இலங்கையில் அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, வீட்டில் பயிர் செய்யச் சொல்லும் நிலை வந்தது. தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் கப்பலில் போயின. அப்படி ஒரு நாள் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் தோட்டக்கலைத் துறை 2013-14-லிருந்தே, முதலில் சென்னை, கோவை நகரங்களிலும் பிறகு மற்ற மாவட்டங்களிலும், மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் கொடுத்து வந்திருக்கிறது. பைகள், தென்னை நார்க்கழிவு, காய்கறி விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் மருந்து எல்லாம் அதில் இருக்கும். கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டாலும் குறையில்லை. மளிகைக் கடையில் இருப்பவை பாதிக்கு மேல் விதைகள்தானே?

என் வீட்டு மாடியில் இதைத் தொடங்கியவள் என் மருமகள். கடையிலிருந்து ஒரு பிடி வெந்தயம், ஒரு பிடி முழுமல்லி கேட்டு வாங்கிப் போனாள். வெந்தயம் நான்கைந்து நாளில் முளைத்து, 25 நாளுக்குள் கீரையாகிவிட்டது. மல்லியை அப்படியே போட்டால் சரியாக வராது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்துப் போட வேண்டும். முளைக்க 10 முதல் 15 நாள் ஆகும். 40 நாள் அளவில் பறிக்கலாம். கடுகும் கீரையாகும். காய்ந்த மிளகாயின் விதையும் முளைக்கும். சரக்கு மிகவும் பழையதாக இருக்கக் கூடாது. வறுத்ததாக இருக்கவே கூடாது. சந்தேகம் இருந்தால் 20 விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பாருங்கள். நாம் மூடையில் குத்தூசி போட்டு மாதிரி பார்ப்பதைப் போலத்தான் இதுவும்.

தொட்டிக்கும் செலவு வேண்டாம். கிழிந்த சணல் சாக்கின் வாயைக் கீழே மடித்துவிட்டு, செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய எரு மூன்றையும் சம பங்கு கலந்து நிரப்பினால் ஒரு போகம் தாங்கும். 15 கிலோ எண்ணெய் டின்னின் அடியில் நான்கு துளை போட்டால் கத்தரி, தக்காளிக்கு ஏற்றது. எதையும் தளத்தின் மேல் நேராக வைக்காமல் செங்கல் மேல் வைத்தால் தளத்தில் ஈரம் தங்காது. கனமான டின்களைச் சுவரோரமாக வையுங்கள்.

நம் ஊருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. ஜூன் முதல் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று பந்தலையும் சாய்க்கும், தொட்டியையும் உருட்டும். ஆகவே மாடியின் மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, அதன் மறைவில் செடிகளை வைக்க வேண்டும். கொடிப்பந்தல் போடுவதைக் காற்று அடங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கழிவும் தண்ணீரும்

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு சாரல் காலத்தில் என் கிடங்கு ஒழுகி, பாசிப்பயறு மூடைகள் நனைந்து பூசணம் பிடித்தன. ஊர் பார்த்தால் கேவலம் என்று, இரவோடு இரவாக ஆள் வைத்து வாய்க்காலில் கொட்டச் சொன்னேன். நாலு நாளில் நாற்றம் எடுத்தது, மதகிலும் அடைத்துக்கொண்டது. கீழே நிலம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் நேரே கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, எங்களுக்கு நெல்லு விளைஞ்சாத்தான் உங்க கடைப் பாக்கி தீரும். வாய்க்காலை அடைச்சா நட்டம் யாருக்கு? என்கிட்ட சொல்லியிருந்தா எருக்குழிக்கு அள்ளிட்டுப் போயிருப்பேனே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

குற்றாலத்தில் அருவியாக விழும் தண்ணீர்தான் சிற்றாறாகத் தென்காசியைத் தொட்டு ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருகிறது. வழியில் எத்தனையோ குளங்களும் வயல்களும் அதை நம்பியிருக்கின்றன. மேலே நாம் கொட்டுவது கீழே நம் வாடிக்கையாளர் வயலுக்குத்தான் போகிறது.

அன்று முதல் என் கடைக் கழிவு வெளியே போவதில்லை. புழுத்த பயறு, வெங்காயச் சருகு, பூண்டுத் தோல், ஒழுகிய வெல்லம், வீட்டுக் காய்கறித் தோல் எல்லாம் துளையிட்ட பீப்பாயில் போகின்றன. ஈரமான கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த இலை, சருகு இரண்டு பங்கு போட வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று பொருள். சருகைச் சேர்க்க வேண்டும். வாரம் ஒரு முறை கிளறிவிட்டால் இரண்டு மாத அளவில் எருவாகிவிடும். உப்புக் கருவாடு, ஊறுகாய், எண்ணெய்ப் பண்டம் சேர்க்கக் கூடாது. முக்கியமாக, பூசணம் பிடித்த பயறையும் புண்ணாக்கையும் மாட்டுக்குப் போடாதீர்கள். அதில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். அது பாலிலும் இறங்கும்.

தண்ணீர்க் கணக்கும் எளிது. ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 600 சதுர அடி மாடி என்பது 56 சதுர மீட்டர். ஒரு நாளில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 560 லிட்டர், அதாவது 35 குடத்துக்கு மேல். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது நாம் அமைத்த குழாய்கள் இன்று எத்தனை வீட்டில் அடைபடாமல் இருக்கின்றன? தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவ மழையும் காணும் ஊர் நம் ஊர். வருடத்துக்கு இரு முறை, மழைக்கு முன், மாடியைக் கூட்டிக் குழியின் மணலை அலசிப் போட்டால் கிணறு நமக்கு நன்றி சொல்லும்.

கூடிச் செய்தால் கூடுதல் லாபம்

ஒருவர் வீட்டில் மாடி இருக்கும், எரு இருக்காது. ஒருவர் கடையில் கழிவு இருக்கும், இடம் இருக்காது. தேநீர்க் கடையில் தேயிலைச் சக்கை, இளநீர்க் கடையில் மட்டை, இன்னொருவர் வீட்டில் மாட்டுச்சாணம். ஆகவே இது தெருவாகச் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம்.

சேர்ந்து செய்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் ஊராட்சியைச் சொல்கிறேன். சுரண்டைப் பக்கம் போகிறவர்களுக்குக் காற்றாலை புதிதல்ல. ஆனால் ஊராட்சிக்கே சொந்தமான காற்றாலையைப் பார்த்திருக்க மாட்டோம். கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்துக்கு அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி, ஆர். சண்முகம் அவர்கள் 1996 முதல் 2006 வரை தலைவராக இருந்த காலத்தில், தன் மின்கட்டணத்தை ஆராய்ந்து பார்த்தது. தெருவிளக்குக்குச் சூரிய ஒளியையும், குடிநீர் இறைக்க மரக்கழிவிலிருந்து எடுக்கும் எரிவாயுவையும் பயன்படுத்திச் செலவைக் குறைத்தது. பிறகு 2006-இல் தன் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. தன் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனையும் அடைத்தது. செலவைக் குறைத்து, மிச்சத்தை முதலாக்கி, கடன் வாங்கித் தொழிலை விரித்து, கடனை அடைத்த கதை இது. நாம் கடை வளர்த்த கதையும் இதுவேதான்.

காற்றாலை நமக்கு வேண்டாம். நம் சங்கம் நான்கு காரியங்களை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை.

1. எல்.இ.டி. பல்பு, பி.எல்.டி.சி. ஃபேன் ஆகியவற்றை உறுப்பினர்களுக்காக மொத்தமாகக் கொள்முதல் செய்வது. மொத்த விலை பேச நமக்குத் தெரியாதா?

2. மாதக் கூட்டத்தில் விதைப் பரிமாற்றம். அவரவர் வீட்டில் விளைந்த அவரை, வெண்டை, கீரை விதைகளை ஒரு பிடி கொண்டுவந்து, வேறொன்றை எடுத்துப் போகலாம்.

3. தெருவுக்கு ஓர் எருத்தொட்டி. பொறுப்பை வாரம் ஒரு வீடு என முறை வைத்துக்கொள்ளலாம். மக்கும் குப்பையைப் பிரித்துத் தருவது 2016-ஆம் ஆண்டு விதிகள் முதற்கொண்டே கட்டாயமாக இருப்பதால், இது நம்மை நடவடிக்கையிலிருந்தும் காக்கும்.

4. மின்கட்டணச் சீட்டை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூட்டத்தில் ஒப்பிடுவது. அதிகம் குறைத்தவருக்கு ஒரு துண்டு போர்த்தினால் போதும். அடுத்த முறை போட்டி தானாக வரும்.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்பதில்லை. நம் கடைகள் எல்லாம் ஒரே நாளில் நிரம்பியவை அல்லவே. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, சட்டைப் பையில் வீட்டு மின்கட்டணச் சீட்டு ஒன்றும், ஒரு பொட்டலத்தில் ஒரு பிடி விதையும் கொண்டுவருமாறு உறுப்பினர்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். நானும் கொண்டுவருகிறேன். நம் கணக்கை அங்கிருந்து தொடங்குவோம்.