உலாவி ஏன் இவ்வளவு நினைவகம் கேட்கிறது?

பல்கலைக்கழக விண்ணப்பம் போன்றதோர் இணையப் படிவத்தைக் கைத்தொலைபேசியில் பாதிவரை நிரப்பிவிட்டு, அடையாள அட்டை இலக்கத்தைப் பார்க்க வட்ஸ்அப்புக்குச் சென்று திரும்பினால் படிவம் வெறுமையாக இருக்கும். ஒரே தொலைபேசியை உம்மாவும் பிள்ளைகளும் பகிரும் வன்னி வீடுகளில் இது புதிய கதையல்ல. "சிக்னல் போய்விட்டது" என்று கோபுரத்தைக் குறை சொல்வோம். பல வேளைகளில் காரணம் தொலைபேசிக்குள்ளேயே இருக்கிறது.

கடையில் 32 ஜீபி, 64 ஜீபி என்று சொல்வது படங்களைச் சேமிக்கும் இடத்தை. இங்கே பேச்சு 2 ஜீபி, 3 ஜீபி என்று பெட்டியில் சிறிதாக எழுதியிருக்கும் ரெம் எனும் நினைவகத்தைப் பற்றியது. அது நிரம்பினால், நாம் பார்க்காமல் விட்டிருக்கும் பக்கங்களை அன்ட்ரொயிட் நிறுத்திவிடும். திரும்பி வரும்போது உலாவி அப்பக்கத்தை மீண்டும் இறக்குகிறது. எழுதியதும் போய், டேட்டாவும் இரண்டாம் முறை செலவாகிறது.

இவ்வளவு நினைவகம் எங்கே போகிறது? படங்கள் ஒரு காரணம். 12 மெகாபிக்சல் படமொன்று 3 எம்பி கோப்பாக வந்தாலும், முழு அளவில் விரித்தால் புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 எம்பி பிடிக்கும்.

மற்றக் காரணம் பாதுகாப்பு. திறந்திருக்கும் பக்கங்கள் எல்லாவற்றையும் ஒரே செயன்முறைக்குள் இயக்குவதே பழைய உலாவிகளின் வழக்கம். கலியாண வீட்டில் ஒரு சஹனைச் சுற்றி ஐந்தாறு பேர் இருந்து உண்பதைப் போன்றது அது. ஒருவர் தண்ணீரைக் கொட்டினால் எல்லோர் சோறும் கெட்டுவிடும். ஒரு பக்கம் செயலிழந்தால் உலாவி முழுவதும் விழும். 2008 செப்டெம்பரில் வந்த கூகிள் குரோம் பக்கங்களுக்குத் தனித்தனிச் சஹன் வைத்தது. சஹன்கள் கூடினால் இடமும் கூடுதலாகத்தானே வேண்டும்!

2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற குறைபாடு வெளியானது. அது உலாவியின் பிழையன்று. செயலிச் சில்லுகளின் வடிவமைப்பிலேயே இருந்தது. ஒரே செயன்முறைக்குள் இருக்கும் வேறொரு தளத்தின் தரவை ஒரு தளம் களவாக வாசிக்க அது வழிவிட்டது. எனவே அவ்வாண்டிலேயே கணினிக்கான குரோம் 67 ஒவ்வொரு தளத்தையும் தனிச் செயன்முறைக்குப் பிரித்தது. அதனால் நினைவகப் பயன்பாடு 10 முதல் 13 சதவீதம் கூடுவதாகக் கூகிளே சொன்னது. 2019 இல் குரோம் 77 உடன் இப்பாதுகாப்பு அன்ட்ரொயிட்டுக்கும் வந்தது. ஆனால் கடவுச்சொல் கொடுத்து நுழையும் தளங்களுக்கு மட்டும். அதுவும் குறைந்தது 2 ஜீபி ரெம் உள்ள தொலைபேசிகளில் மட்டும். வங்கிக் கணக்கையும் யூரியூப்பையும் ஒரே சிறிய தொலைபேசியில் பார்க்கும் குடும்பத்துக்குத்தான் இந்தச் சுவர் முதலில் தேவை. அவர்களுக்கே அது கிடைக்கவில்லை. பொறியியற் காரணம் விளங்குகிறது, மனம் ஏற்கவில்லை.

பக்கம் திறந்த பின்னும் விரல் பட்டு அசையாமல் நிற்பது வேறு வியாதி. ஒரு செயன்முறைக்குள் நடக்கும் வேலைத் தொடர்களை இழைகள் என்பர். ஒரே சஹனில் உண்ணும் கைகள் எனலாம். ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டுவது, எழுத்தையும் படத்தையும் அடுக்குவது, நம் தொடுகைக்குப் பதில் சொல்வது என ஒரு பக்கத்தின் பெரும்பாலான வேலை முதன்மை இழை என்ற ஒரே கையில் விழுகிறது. 1995 இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் ஆக்கிய ஜாவாஸ்கிரிப்ட் இன்றும் அடிப்படையில் ஒரு நேரத்தில் ஒரு வேலையையே செய்கிறது. திரை செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கப்பட வேண்டுமென்றால் ஒரு தடவைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16 மில்லி செக்கன். ஒரு விளம்பர நிரல் 200 மில்லி செக்கனை எடுத்துக்கொண்டால் நம் விரல் அவ்வளவு நேரமும் வரிசையில் நிற்கும். தொலைபேசியில் எட்டுக் கருக்கள் இருந்தாலும் அந்த நிரலைப் பங்கிட்டு முடிக்க அவற்றால் இயலாது. பாரமான கணக்குகளைத் தனி இழைக்கு அனுப்ப 'வெப் வேர்க்கர்' என்ற வசதி உண்டு. பயன்படுத்துவது தளத்தை ஆக்குபவர் கையில்.

நம் கையில் உள்ளது சிறிது. படிவம் நிரப்ப முன் மற்றப் பக்கங்களையும் செயலிகளையும் மூடிவிடலாம். அடையாள அட்டை இலக்கம், சுட்டெண், பிறந்த திகதி எல்லாவற்றையும் முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் இடையில் வட்ஸ்அப்புக்குப் போகவே தேவையில்லை.